மேல்மாடிப் பலகைத் தளம் தொய்கிறதா? கொங்கிறீட் குழைக்க முதல் மரத்தின் முனையைப் பாருங்கள்

தம்பி, நீங்கள் கேட்டு எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். மானிப்பாய்ப் பக்கத்தில் அம்மம்மாவின் பழைய மேல்மாடி வீடு. மேல் அறை 12க்கு 12 அடி, பலகைத் தளம். நடுவில் நடந்தால் தளம் ஆடுகிறது, அலுமாரிக் கண்ணாடி கிலுங்குகிறது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தளத்தைத் தாங்கும் தீராந்திகள் வளைந்து நிற்பது கண்ணுக்கே தெரிகிறது. வீட்டைப் பார்த்த கொந்தராத்துக்காரர், பலகைக்கு மேலே கம்பி வலை விரித்து மூன்று அங்குலக் கொங்கிறீட் போட்டு ரைல்ஸ் பதித்தால் பிறகு ஆடாது என்கிறார். ஆடியில் குடும்பத்தோடு வர இருக்கிறீர்கள், அதற்குள் முடியுமா என்பது கேள்வி.

கொங்கிறீட் போட விடாதீர்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

மூன்று அங்குலக் கொங்கிறீட் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 180 கிலோ வரும். உங்கள் அறை 13 சதுர மீற்றருக்குக் கொஞ்சம் மேலே. கொங்கிறீட் மட்டும் 2,400 கிலோ. ரைல்ஸையும் அதற்குக் கீழே போடும் சாந்தையும் சேர்த்தால் மூன்று தொன்னைத் தாண்டிவிடும். வீட்டு அறை ஒன்றுக்கு ஆட்கள், கட்டில், அலுமாரி எல்லாம் சேர்த்துச் சதுர மீற்றருக்கு 150 கிலோ என்றுதான் பொறியியலாளர்கள் கணக்கு எடுப்பார்கள். அந்த அறைக்கு அது 2,000 கிலோ. அதாவது ஒரு ஆளும் ஏற முன்னமே, தளம் தாங்க வேண்டியதில் ஒன்றரை மடங்கை நிரந்தரமாக அதன் தலையில் ஏற்றுகிறார். இருக்கிற பாரத்துக்கே தொய்கிற மரத்துக்கு இதுவா வைத்தியம்? அதோடு கொங்கிறீட்டை ஒரு கிழமை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தண்ணீர் பலகை இடுக்கால் இறங்கித் தீராந்தியில்தான் ஊறும். மரத்தையும் கொங்கிறீட்டையும் இணைத்து ஒன்றாக வேலை செய்ய வைக்கும் முறை உலகத்தில் இருக்கிறது, பொய்யில்லை. அதற்கு மரம் முழு நலமாக இருக்க வேண்டும், இரண்டையும் பிணைக்கும் திருகாணிகளைக் கணக்குப் பார்த்துப் போட வேண்டும், கொங்கிறீட் இறுகும்வரை கீழே முட்டு நிற்க வேண்டும். பலகைக்கு மேலே வலையை விரித்துக் கொட்டுவது அந்த முறை இல்லை.

இனி ஏன் தொய்ந்தது என்பதற்கு வருவோம். இதைக் கண்டுபிடிக்காமல் செலவழிக்கும் காசு வீண்.

தொய்வு நடுவில் தெரிவதால் எல்லாரும் நடுவைப் பார்க்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் கோளாறு பெரும்பாலும் சுவருக்குள் புதைந்த முனையில்தான் தொடங்கும். நம்முடைய பழைய சுவர்கள் சுண்ணாம்புக்கல்லும் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். ஒன்றரை அடி, இரண்டு அடித் தடிப்பு இருந்தாலும் தண்ணீரை உறிஞ்சும். மாரியில் குடித்த ஈரத்தைக் கோடையில் மெதுவாக வெளியே விடும், அதனால்தான் இத்தனை காலம் நின்றன. பிற்காலத்தில் வெளிப்புறம் சீமெந்துப் பூச்சுப் பூசி, அதற்குமேல் பெயின்ரும் அடித்தோம். ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளே நின்றது. சுவருக்குள் இருக்கும் ஆறேழு அங்குல மரமுனை அந்த ஈரத்திலேயே கிடந்து உக்குகிறது. உக்கிய முனை பாரத்தில் நசிந்து இறங்கும், தீராந்தி முழுவதும் சுவரோரத்தில் பதியும். ஒரு பக்கத்து முனைகள் மட்டும் இறங்கினால் தளம் ஒரு பக்கம் சரியும். நடுத் தீராந்திகளின் முனைகள் மட்டும் இறங்கினால், நடு தொய்ந்தது போலத் தெரியும்.

வீடு 1995 ஒக்ரோபரில் பூட்டப்பட்டு 2002இல்தான் திறக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு மாரி. ஓடு நகர்ந்திருக்கும், கூரைத் தண்ணீர் ஓடும் பீலியில் மாவிலையும் வேப்பஞ் சருகும் அடைத்து, தண்ணீர் நிரம்பிச் சுவர்த் தலையில் வழிந்திருக்கும். 2008 நவம்பரில் நிஷா புயல் மழை வேறு. இப்படிப் பூட்டிக் கிடந்த வீடுகளில், பீலி ஓடும் பக்கத்துச் சுவரின் மரமுனைகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டிலும் யன்னல் பக்கம்தான் கூடுதலாகப் பதிந்திருக்கிறது என்கிறீர்கள். பீலி எந்தப் பக்கம் என்று ஊரில் இருக்கும் உங்கள் சித்தப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.

பார்ப்பதற்குப் பொறியியலாளர் வேண்டாம், பொறுமையான தச்சர் ஒருவர் போதும். சுவரோரம் இரண்டு மூன்று பலகையைக் கிளப்ப வேண்டும். பழைய ஆணி துருப்பிடித்து மரத்தோடு ஒன்றிப் போயிருக்கும். கட்டப்பாரையை விட்டு நெம்பினால் பலகை பிளக்கும், அந்தத் தடிப்பில் அந்த நீளத்தில் பலகை இனி லேசில் கிடைக்காது. இடுக்கால் வாள் அலகை விட்டு ஆணியை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பலகை கிளம்பியதும் ரோச் அடித்து, தீராந்தி சுவருக்குள் நுழையும் இடத்தில் ஸ்குறூ டிறைவரைக் குத்துங்கள். நல்ல மரத்தில் முனை ஒன்றிரண்டு மில்லிமீற்றர் இறங்கி நிற்கும், இழுத்தால் சிராய் நீளமாகக் கிழியும். உக்கிய மரத்தில் அழுத்தாமலே அரை அங்குலம், ஒரு அங்குலம் போகும், இழுத்தால் மண்ணிறமாகக் கட்டி கட்டியாக உதிரும். மேல் முகத்தில் குத்திவிட்டு விடக்கூடாது, பக்கத்திலும் அடியிலும் குத்த வேண்டும். அடியில்தான் ஈரம் தங்கும். பிறகு சுத்தியலால் சுவரிலிருந்து நடுவரை தட்டிக்கொண்டு போனால், சத்தம் எங்கே மாறுகிறது என்று காதே சொல்லும். சுண்ணாம்புக் கட்டியால் அந்த இடத்தில் கோடு போட்டு வையுங்கள்.

தீராந்தி பனையாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பனைக்கு மற்ற மரம் போல நடு வைரம் இல்லை. வெளிச்சுற்றுத்தான் கறுத்த வைரம், உள்ளே மென்மையான சோற்றி. வெளியே குத்தினால் இரும்பு மாதிரி நிற்கும், உள்ளே கறையான் சோற்றியைத் தின்று முடித்திருக்கும். அதனால் பனையைத் தட்டிப் பார்த்துத்தான் நம்ப வேண்டும், சந்தேகமான இடத்தில் மெல்லிய துளை போட்டு வரும் தூளைப் பாருங்கள். பாலை, முதிரை என்றால் நடுமரம் அநேகமாக நன்றாகத்தான் இருக்கும். வன்னியில் இருந்து வந்த அந்த மரங்கள் வெட்ட வந்த வாளைத்தான் தேய்க்கும்.

முனை நலமாக இருந்தால் மட்டும் நடுத் தொய்வை அளங்கள். ஒரு தீராந்தியின் அடியில் இரண்டு சுவரோரமும் ஆணி வைத்து நூலை இறுக்கிக் கட்டுங்கள். நடுவில் மரம் நூலுக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். நூல் மரத்தில் தட்டும் என்பதால் இரண்டு பக்கமும் ஒரே தடிப்பில் கட்டை வைத்து நூலைத் தாழ்த்திக் கட்டுங்கள்; கட்டையின் தடிப்பில் இருந்து, நடுவில் மரத்துக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியைக் கழித்தால் வருவதுதான் தொய்வு. 12 அடி நீளத்துக்குப் பாரத்தில் 10 மில்லிமீற்றர் வளைவு இன்றைய கணக்கிலேயே ஏற்கக்கூடியது, நீளத்தை 360ஆல் பிரித்தால் அதுதான் வரும். ஒரு அங்குலத்தைத் தாண்டினால் யோசிக்க வேண்டும். ஆனால் எண்ணைவிட முக்கியம், அது கூடுகிறதா என்பது. மரம் வருடக்கணக்காகப் பாரம் தாங்கினால் மெல்ல மெல்ல வளைந்து அந்த வளைவிலேயே நின்றுவிடும், பாரத்தை எடுத்தாலும் முழுதாக நிமிராது. எண்பது வருடத்தில் வந்த ஒரு அங்குல வளைவு அப்படியே நின்றால் அது வயது. மூன்று மாதத்தில் நாலு மில்லிமீற்றர் கூடினால் உள்ளே ஏதோ உடைகிறது. திகதி போட்டுச் சுவரில் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள்.

இதற்கிடையில் இன்றைக்கே செய்யக்கூடியது, பாரத்தை இறக்குவது. மேல் அறையில் இரும்பு அலுமாரி இருந்தால் சுவரோரம் தள்ளுங்கள், புத்தகப் பெட்டி எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள். மேலே தண்ணீர்த் தாங்கி வைத்திருக்கிறீர்களா? ஆயிரம் லீற்றர் ஆயிரம் கிலோ. அதை எந்தப் பலகைத் தளமும் சும்மா தாங்காது, வெளியே தனிக் கோபுரம் கட்டி ஏற்ற வேண்டும். வெளிநாட்டில் இருந்து வருபவர்களுக்கு வசதி என்று மேல் அறையோடு குளியலறை ஒட்டவைக்கும் பழக்கம் இப்போது கூடியிருக்கிறது. பாரம் ஒரு பக்கம், குழாய் பதிக்கத் தீராந்தியின் அடிப்பக்கத்தை வெட்டி எடுப்பது இன்னொரு பக்கம். வளையும் மரத்தில் இழுவிசை ஆகக் கூடுதலாக இருப்பது அடி விளிம்பில்தான். நடுப்பகுதியில் அடியில் ஒரு அங்குலம் வெட்டினால் ஆறு அங்குல மரம் ஐந்து அங்குல மரமாகிறது, பலத்தில் முப்பது வீதம் போகிறது. கட்டாயம் குழாயோ வயரோ போக வேண்டுமென்றால் மரத்தின் உயரத்தில் நடுவே சிறு துளை போட்டுக் கொண்டுபோகலாம்.

சரி, பலப்படுத்துவது எப்படி?

கீழ் அறையில் ஒரு உத்தரம் தெரிவது உங்களுக்குப் பரவாயில்லை என்றால் அதைவிடச் சிறந்த வழி இல்லை. தீராந்திகளுக்குக் குறுக்கே, சரி நடுவில், ஒரு இரும்பு ஐ-பீம் அல்லது நல்ல மர உத்தரம். வளைவு நீளத்தின் நாலாம் அடுக்கில் கூடும். 12 அடி இடைவெளியை ஆறு ஆறு அடியாக்கினால் அதே பாரத்துக்கு வளைவு பதினாறில் ஒன்றுக்கும் கீழே வந்துவிடும். இதே மரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு மரத்தை ஒட்டினால் வளைவு பாதியாகும், அவ்வளவுதான். இணைக்கும் மரத்தை எட்டு அங்குல உயரத்தில் எடுத்தால் கொஞ்சம் நல்லது. விறைப்பு உயரத்தின் மூன்றாம் அடுக்கில் கூடுவதால், ஒரே அகலமுள்ள எட்டு அங்குல மரம் ஆறு அங்குல மரத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேலே விறைப்பு.

நடு உத்தரம் தாங்கும் பாரம் பாதி என்று பலர் நினைக்கிறார்கள். தீராந்தி முறியாமல் ஒரே மரமாக அதன் மேலே போனால் மொத்தத்தில் எட்டில் ஐந்து பங்கு நடுவுக்கு வரும். உங்கள் அறைக்கு, தளத்தின் சொந்த எடையோடு சேர்த்துப் பார்த்தால், ஏறத்தாழ 1,700 கிலோ. அதற்கு ஆறு அங்குல ஐ-பீம் அநேகமாகப் போதும், ஆனால் கடையில் ‘ஆறு அங்குலம்’ என்று பல எடையில் இருப்பதால் வாங்க முதல் ஒரு பொறியியலாளரிடம் கணக்குப் பார்ப்பித்துக் கொள்ளுங்கள். இந்த ஒரு இடத்தில் அவருக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது.

அந்த உத்தரத்தின் இரண்டு முனையும் எதில் நிற்கப்போகிறது என்பதில்தான் வேலை கெடுகிறது. பழைய சுவரில் துளைபோட்டு அங்கிள் இரும்பை விரியும் போல்ட்டால் பிடிப்போம் என்பார்கள். புதுக் கொங்கிறீட் சுவருக்கு அது சரி. முருகைக்கல்லிலும் சுண்ணாம்புச் சாந்திலும் போல்ட் விரிய விரிய கல் மாவாகும், முதல் நாள் இறுக்கம் ஆறு மாதத்தில் கையால் சுற்றும். சுவரைக் குடைந்து முனையை வைப்பதானால், அதன் கீழே ஒன்றரை அடி நீளக் கொங்கிறீட் கட்டை ஒன்று வைத்து, பாரத்தைப் பல கல்லுக்குப் பரப்ப வேண்டும். சுவர் நொந்திருந்தால் அதுவும் வேண்டாம். சுவரோடு ஒட்டி இரண்டு தூண் எழுப்பி, அதற்குக் கீழே தனி அத்திவாரம் போட்டு, சுவரை அதன் பாட்டில் விட்டுவிடுங்கள். குடாநாட்டில் பல இடங்களில் சில அடியிலேயே சுண்ணாம்புப் பாறை தட்டும், அத்திவாரத்துக்கு அது பாக்கியம்.

உக்கிய முனைக்கும் இதே தூண் முறையை நீட்டலாம். சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, சுவருக்குச் சமாந்தரமாக ஒரு உத்தரம், அதன் மேலே தீராந்திகளின் நல்ல பகுதி. உக்கிய பகுதியை அறுத்து எடுத்துவிட்டால் சுவருக்குள் மரமே இல்லை, ஈரப் பிரச்சினையும் இல்லை. கீழ் அறை அழகு கெடும் என்று வீட்டுக்காரர் முகம் சுளிப்பார்கள். தூணும் உத்தரமுமாக ஒரு பழைய விறாந்தை போலச் செய்துவிட்டால் எனக்கென்றால் அது குறையாகத் தெரிவதில்லை.

அப்படி வேண்டாம், மரம் பழையபடி சுவருக்குள்ளேயே போக வேண்டும் என்றால், உக்கிய பகுதியை நல்ல மரம் வரும்வரை, அதற்கு அப்பாலும் ஒரு அடி, வெட்டிவிட்டு இரண்டு பக்கமும் புது மரம் அல்லது ‘ப’ வடிவ இரும்புச் சனல் வைத்துப் போல்ட் போட வேண்டும். பக்க மரம் நல்ல மரத்தோடு குறைந்தது நாலு அடியாவது ஒட்டி ஓட வேண்டும். 12 மில்லிமீற்றர் போல்ட், ஒன்று மேலே ஒன்று கீழே என்று மாறி மாறி, ஒன்றரை அடிக்கு ஒன்று, வெட்டு வாய்க்குப் பக்கத்தில் நெருக்கமாக. ஆணி மட்டும் அடித்து ஒட்டுவது கண் துடைப்பு. போல்ட், நட், வாசர் எல்லாம் நாகம் (சிங்க்) பூசியது அல்லது எவர்சில்வர். உப்புக்காற்றுக்கு வெறும் இரும்பு பத்து வருடம் தாங்காது. பனை என்றால் ஆணியை மறந்துவிடுங்கள், வைரம் ஆணிக்குப் பிளக்கும். துளைத்துத்தான் போல்ட் போட வேண்டும், உள்ளே சோற்றி நசியாதபடி நாலு அங்குலச் சதுரத் தகட்டை வாசராக வைக்க வேண்டும். பனைக்கு மரத்தைவிட இரண்டு பக்கமும் இரும்புச் சனல் வைப்பதுதான் என் விருப்பம். கறுத்த பக்கத்தைச் சீவி மட்டப்படுத்த மட்டும் யாரையும் விடாதீர்கள், பலம் முழுவதும் அதில்தான்.

சுவருக்குள் புதிதாகப் போகும் முனைக்குக் கீழே ஈரம் ஏறாத தடித்த பொலித்தீன் அல்லது தார்த் தாள், நாலு அங்குலமாவது மரம் சுவரில் இருக்க வேண்டும். பக்கங்களிலும் பின்னாலும் அரை அங்குல இடைவெளி விட்டு, சீமெந்தால் அடைக்காமல் விட வேண்டும். மேசன்மார் கேட்க மாட்டார்கள். “ஓட்டை விட்டால் பல்லி வரும் ஐயா” என்று சொல்லி, நீங்கள் திரும்புவதற்குள் பூசிவிடுவார்கள். பக்கத்தில் நில்லுங்கள்.

எதைச் செய்வதானாலும் முதலில் முட்டுக் கொடுக்க வேண்டும். திருகி உயர்த்தும் இரும்பு முட்டுகள் வாடகைக்குக் கிடைக்கும். அவற்றை வெறும் சீமெந்து நிலத்தில் நிறுத்தக்கூடாது. பழைய வீடுகளில் அந்தச் சீமெந்து ஒரு அங்குலம், கீழே மண் நிரப்பு. பாரம் ஏறியதும் முட்டின் கால் நிலத்தைக் குத்திக்கொண்டு இறங்கும். கீழே நாலு அடி நீளத் தடித்த பலகை, மேலே தீராந்திகளுக்குக் குறுக்கே நாலுக்கு நாலு மரம், நடுவில் முட்டு. லொறி தூக்கும் எண்ணெய் ஜக்கை உயர்த்த மட்டும் பாவியுங்கள், பாரத்தை அதில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். இரவில் எண்ணெய் கசிந்து இறங்கும்.

உயர்த்துவதில் அவசரம் கூடாது. இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை மூன்று மில்லிமீற்றர் போதும். மரம் ‘டிக்’ என்று ஒரு சத்தம் போட்டால் பயமில்லை, தொடர்ந்து முறுகினால் நிறுத்துங்கள். மேல்மாடிக் கதவு நிலைகளைப் பாருங்கள், கதவு இறுகத் தொடங்கினாலோ சுவர்ப் பூச்சில் புது வெடிப்பு ஓடினாலோ ஒரு கிழமை அப்படியே விடுங்கள். தளத்தைக் கண்ணாடி போல மட்டமாக்க வேண்டும் என்ற ஆசை வேண்டாம். தொய்வில் பாதி நிமிர்ந்தால் போதும், மீதியைத் தீராந்திக்கும் பலகைக்கும் நடுவே சீவிய சட்டம் வைத்து மட்டம் எடுக்கலாம். பழைய வளைவை ஒரே மூச்சில் நிமிர்த்தினால் மரம் நிமிராது, முறியும்.

கறையானுக்கு மருந்து அடிப்பதை இந்த வேலையோடு சேர்த்துச் செய்யுங்கள், பலகை திறந்திருக்கும்போது அடிப்பதுதான் பலன். சுவரில் மண்பாதை இருந்தால் தட்டி விடுவதில் ஒன்றுமில்லை, கீழே நிலத்தில் மருந்து இறங்க வேண்டும். பீலியை மாற்றுவதும் ஓடு திருத்துவதும் இந்த வேலைக்கு முந்த வேண்டும், பிந்தக்கூடாது.

மரம் வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. வளவில் பனை நிற்கிறது, தறித்தால் போகிறது என்று சித்தப்பா சொல்லக்கூடும். பனை தறிக்க அனுமதி வேண்டும், மரம் ஏற்றிக்கொண்டு போகவும் பத்திரம் வேண்டும். பிரதேச செயலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பச்சை மரமாக வாங்கிப் போட்டால் காயக் காயச் சுருங்கி, இறுக்கிய போல்ட் எல்லாம் தளரும். இடித்த பழைய வீடுகளில் இருந்து வரும் பாலை, முதிரை கிடைத்தால் விலை பேசுங்கள், அது காய்ந்து முடிந்த மரம். ஆனால் அதற்கும் ஸ்குறூ டிறைவர் குத்து உண்டு.

ஆடிக்குள் முடியுமா என்றால், மாசியில் தொடங்கினால் முடியும். ஐப்பசி பிறந்த பிறகு ஓட்டையும் சுவரையும் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டாம். முனைகள் பார்க்கப்படாமல் யார் விலை சொன்னாலும் அது குத்துமதிப்பு. ஆகவே சித்தப்பாவிடம் சொல்லி யன்னல் பக்கச் சுவரோரம் மூன்று பலகை கிளப்பி, ஒவ்வொரு முனையையும் கிட்ட நின்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படத்தில் ஸ்குறூ டிறைவர் குத்தியபடியே நிற்க வேண்டும், எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும். அதோடு பீலியின் படமும் ஒன்று.